மாஸ்டர் சாக்கெட் இடமாற்றம்: பிரிட்டன் வீட்டுத் தொலைபேசி இணைப்பு – முக்கியக் குறிப்புகள்

பிரிட்டனில் தொலைத்தொடர்பு நிறுவல் பணிக்குத் தேர்வு எழுதும் தமிழ் மாணவர்களுக்காகத் தொகுத்த குறிப்புகள் இவை. வீட்டின் முதன்மை சாக்கெட்டையும் அதற்கு வந்து சேரும் கேபிளையும் வேறிடத்துக்கு மாற்றுவது பார்ப்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் பாடம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி நிற்கிறது: நிறுவனத்தின் பொறுப்பு எங்கே முடிகிறது, வீட்டுக்காரரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது? அந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் எல்லைக்கல்தான் மாஸ்டர் சாக்கெட். கல் நகர்ந்தால் எல்லையும் நகர்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் எண்களும் நிறங்களும் ஆண்டுகளும் தாமாக வந்து பொருந்தும்; வெறும் மனப்பாடம் இந்தப் பாடத்தில் அதிக தூரம் கொண்டுபோகாது.

பின்னணி ஆண்டுகள்

• 1981-க்கு முன்பு பெரும்பாலான வீடுகளில் தொலைபேசிக் கருவியே அஞ்சல் துறையின் சொத்து. சந்தாதாரர் வாடகை கட்டினார். கருவியின் வடம் சுவரில் இருந்த சிறு பெட்டியில் திருகாணிகளால் நேரடியாகப் பூட்டப்பட்டிருக்கும். கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோக முடியாது; துறையின் ஆள்தான் வரவேண்டும்.

• 1981 அக்டோபர் 1: பிரிட்டிஷ் டெலிகாம், அஞ்சல் துறையிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது. அதே ஆண்டில் ‘நியூ பிளான்’ எனப்படும் பிளக்–சாக்கெட் முறையும் அறிமுகமானது. இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். யாருடைய கருவியையும் யாருடைய இணைப்பிலும் செருகலாம் என்ற நிலை வர, ‘இதுவரை எங்களுடையது’ என்று காட்டும் ஒரு முனை தேவைப்பட்டது. மாஸ்டர் சாக்கெட்டின் பிறப்புக் காரணம் அதுதான்.

• 1984: தொலைத்தொடர்புச் சட்டம். பிரிட்டிஷ் டெலிகாம் தனியார்மயம். ஒழுங்குமுறை அமைப்பாக ஆஃப்டெல் வந்தது. 2003 டிசம்பர் 29 முதல் அந்தப் பொறுப்பை ஆஃப்காம் ஏற்றது.

• 2006 ஜனவரி: ஓப்பன்ரீச் உருவானது. கம்பங்கள், நிலத்தடிக் குழாய்கள், தெருக் கெபினட்கள், வீடு வரை வரும் கேபிள், மாஸ்டர் சாக்கெட் ஆகியவற்றைப் பராமரிப்பது இந்த அமைப்பு. வாடிக்கையாளருக்குப் பில் போடும் நிறுவனம் வேறாக இருக்கலாம், சாக்கெட்டைத் தொட வருபவர் வேறாக இருக்கலாம்.

• விதிவிலக்கு, ஹல் நகரம். அங்கு 1904 முதல் நகராட்சியே தொலைபேசி நடத்தியது. இன்று அதன் வாரிசு கேகாம். அந்நகரின் பொதுத் தொலைபேசிக் கூண்டுகள் சிவப்பாக இல்லாமல் பால்வெள்ளையாக இருப்பது இந்தத் தனி வரலாற்றின் அடையாளம். ‘பிரிட்டன் முழுவதும் ஓப்பன்ரீச்’ என்று எழுதினால் தவறு. வர்ஜின் மீடியாவின் இணைப்புகளும் தனி வலையமைப்பு, தனி சாக்கெட்.

இணைப்பகத்திலிருந்து சுவர் வரை

வரிசையை அப்படியே மனத்தில் பதிக்கவும்: இணைப்பகம், அதனுள் முதன்மைப் பகிர்வுச் சட்டகம், இ-சைடு கேபிள், தெருவோரப் பச்சைக் கெபினட், டி-சைடு கேபிள், பகிர்வு முனை, டிராப் ஒயர், மாஸ்டர் சாக்கெட். ‘இ’ என்பது இணைப்பகப் பக்கம், ‘டி’ என்பது பகிர்வுப் பக்கம். கெபினட்தான் இரண்டுக்கும் நடுப்புள்ளி. பகிர்வு முனை கம்பத்தின் உச்சியில் இருக்கலாம், நிலத்தடி அறையில் இருக்கலாம், அடுக்குமாடியின் உட்சுவரிலும் இருக்கலாம்.

• கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வடமே டிராப் ஒயர். பரவலாகக் காணப்படும் 10-ஆம் எண் வகையில் இரண்டு ஜோடிகள் உண்டு: ஆரஞ்சு–வெள்ளை, பச்சை–கறுப்பு. வழக்கமாக முதல் ஜோடி பயன்பாட்டில் இருக்கும், அடுத்தது உபரி. உள்ளே எஃகு இழைகளும் ஓடும். காற்றில் ஆடும் எடையைத் தாங்குவது அவைதான், செம்பு அல்ல.

• ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடி போதும். குரலும் பிராட்பேண்டும் அதே இரண்டு கம்பிகளில்தான் வருகின்றன. குரலின் அலைவரிசை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை. ஏடிஎஸ்எல்2+ 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். தெருக் கெபினட் வரை ஃபைபர் வரும் விடிஎஸ்எல்2 இணைப்பு 17 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் வரை.

• பேசாமல் வைத்திருக்கும்போது கம்பிகளுக்கிடையே சுமார் 50 வோல்ட் நேர்மின்னழுத்தம். கருவியை எடுத்ததும் அது வெகுவாக இறங்கும். மணி அடிக்கும்போது 25 ஹெர்ட்ஸில் சுமார் 75 வோல்ட் மாறுமின்னழுத்தம் வரும். கையில் கம்பியைப் பிடித்திருக்கும் நேரத்தில் அழைப்பு வந்தால் உறைக்கும். இடி மின்னல் நேரத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

• மணியின் தாளம்: 0.4 வினாடி ஒலி, 0.2 மௌனம், 0.4 ஒலி, 2 வினாடி மௌனம். டயல் ஒலி 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்தது.

• இந்த 50 வோல்ட் இணைப்பகத்தின் மின்கலங்களிலிருந்து வருகிறது. வீட்டில் மின்வெட்டு என்றாலும் செம்புவழித் தொலைபேசி வேலை செய்ததன் காரணம் அது. கடைசிப் பகுதியில் இது மறுபடி தேவைப்படும்.

சாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது

மாஸ்டருக்கும், அதிலிருந்து மற்ற அறைகளுக்கு இழுக்கும் எக்ஸ்டென்ஷன் சாக்கெட்டுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு உள்ளே. பாரம்பரிய மாஸ்டர் சாக்கெட்டில் மூன்று உறுப்புகள் உண்டு: 1.8 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 470 கிலோ ஓம் மின்தடை, மின்னெழுச்சித் தடுப்பான். எக்ஸ்டென்ஷன் சாக்கெட்டில் இவை எதுவும் இல்லை, வெறும் தொடுமுனைகள்தான்.

• மின்தேக்கியின் வேலை, மணி மின்சாரத்தைப் பிரித்து மூன்றாவது கம்பியில் தருவது. இதுதான் பெல் ஒயர். பல கருவிகள் ஒரே இணைப்பில் இருந்தபோது, ஒன்றில் பழைய சுழல்வட்டால் எண் சுற்றினால் மற்றவற்றின் மணிகள் கிணுகிணுக்கும். அதை அடக்கவும் இந்த மூன்றாவது கம்பி உதவியது. இந்தியாவில் வீட்டு ரோசெட் பெட்டியைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் நின்று படிக்க வேண்டும். அங்கே இரண்டு கம்பிகளும் இரண்டு திருகாணிகளும் மட்டுமே. மணிக்கான மின்தேக்கி கருவிக்குள்ளேயே இருக்கும்.

• 470 கிலோ ஓம் மின்தடை எதற்கு? எந்தக் கருவியும் செருகப்படாத வீட்டிலும் இணைப்பு சாக்கெட் வரை முழுதாக இருக்கிறதா என்று இணைப்பகத்திலிருந்தே சோதித்து அறிய. மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுப்பதால் இணைப்பு ‘எடுக்கப்பட்டது’ போலத் தோன்றாது. ஆனால் மாறுமின்னோட்டச் சோதனைக்கு அந்த உறுப்புகள் அகப்படும். ஒரு வீட்டில் இரண்டு மாஸ்டர்கள் இருந்தால் சோதனை முடிவே குழம்பும். எனவே விதி: ஓர் இணைப்புக்கு ஒரு மாஸ்டர். இடம் மாற்றும்போது பழையதை எடுத்துவிட வேண்டும். ‘இருக்கட்டும், இன்னொரு இடமும் கிடைத்தது’ என்று விடக்கூடாது.

• முனை எண்களும் நிறங்களும்: 2 – நீலத்தில் வெள்ளை வளையம். 5 – வெள்ளையில் நீல வளையம். 3 – ஆரஞ்சில் வெள்ளை வளையம். 4 – வெள்ளையில் ஆரஞ்சு வளையம். 1 – பச்சையில் வெள்ளை வளையம். 6 – வெள்ளையில் பச்சை வளையம். குரலும் தரவும் ஓடும் ஜோடி 2, 5. பெல் ஒயர் 3. நேரம் இல்லாதவர்கள் இந்த மூன்று எண்களை மட்டுமாவது மறக்காமல் போகவும்.

• பிளக்கின் தரநிலை பிஎஸ் 6312. நான்கு தொடுமுனை கொண்டது 431ஏ, ஆறு கொண்டது 631ஏ. பூட்டும் நாக்கு பக்கவாட்டில் இருக்கும். அமெரிக்க வகை ஆர்ஜே11 பிளக்கில் நாக்கு அகலப் பக்கத்தின் நடுவில். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா.

• கருவிகளின் மணிச் சுமை ‘ரென்’ என்ற எண்ணால் குறிக்கப்படும். ஓர் இணைப்புக்கு வழக்கமான மொத்த வரம்பு 4. அதைத் தாண்டினால் மணி மெலியும், அல்லது அடிக்காமலே போகும்.

என்டிஇ5 என்ற வகையை நுணுகிப் பார்க்க வேண்டும். முகப்பு இரண்டு பாதிகளாகப் பிரிந்திருக்கும். கீழ்ப்பாதியில் இரண்டு திருகாணிகள். அவற்றைக் கழற்றி நேராக முன்னோக்கி இழுத்தால் கீழ்த்தகடு தனியாகக் கையோடு வரும். வீட்டின் எல்லா எக்ஸ்டென்ஷன் கம்பிகளும் அந்தத் தகட்டின் முதுகில்தான் கட்டப்பட்டிருக்கும். தகடு வந்ததும் அவை அத்தனையும் ஒரே கணத்தில் இணைப்பிலிருந்து அறுந்துவிடும். உள்ளே இன்னொரு சாக்கெட் தெரியும். அதுதான் சோதனை சாக்கெட். அதற்கும் பின்னால், பெட்டியின் முதுகில், ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு முனைகள். வெளியிலிருந்து வரும் ஜோடி அங்கே கட்டப்பட்டிருக்கும். முன்தகடு வீட்டுக்காரர் கை வைக்கக்கூடிய இடம். ஏ, பி முனைகள் வலையமைப்பின் இடம். பாடத்தின் எல்லைக்கோடு இந்தச் சில சென்டிமீட்டர் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஓடுகிறது.

• என்டிஇ5சி புதிய வகை. முகப்பில் திருகாணிகள் இல்லை. பக்கவாட்டுப் பிடிகளை அழுத்தித் திறக்க வேண்டும். கம்பி கட்டவும் தனிக் கருவி வேண்டியதில்லை.

• முகப்பு பிரியாத, ஒரே தகடாக உள்ள பழைய மாஸ்டர் என்றால் சந்தாதாரர் திறக்கவே கூடாது. அதில் சோதனை சாக்கெட்டும் இல்லை.

• பழுது பிரித்தறிதல்: கீழ்த்தகட்டை எடுத்துவிட்டு, நல்லது என்று உறுதியான ஒரு கருவியைச் சோதனை சாக்கெட்டில் செருக வேண்டும். இரைச்சல் அங்கும் இருந்தால் பழுது வெளியே. அங்கு தெளிவாக இருந்தால் பழுது வீட்டுக் கம்பியில். செம்புவழிக் குரல் இணைப்பில் 17070 என்ற எண்ணை அழைத்து 2-ஐத் தேர்ந்தால் அமைதிச் சோதனை கிடைக்கும். எந்த ஒலியும் இல்லாத அந்த நேரத்தில் சின்னக் கரகரப்பும் காதில் விழும்.

• இன்னொரு சோதனை, பலரும் படிக்காமல் விடுவது: கீழ்த்தகட்டை எடுத்த பிறகும் வேறோர் அறை சாக்கெட்டில் டயல் ஒலி வருகிறது என்றால், அந்தக் கம்பி மாஸ்டருக்கு முன்னாலேயே, வெளிக் கேபிளில் கிளை பிரிக்கப்பட்டிருக்கிறது. இடமாற்ற வேலைக்குப் போகுமுன் இதைக் கண்டுபிடிக்காவிட்டால், மாற்றி முடித்த பிறகு வீட்டின் பாதி சாக்கெட்கள் ஏன் செத்தன என்று தேட வேண்டிவரும்.

யார் மாற்றலாம்

• மாஸ்டர் சாக்கெட்டை இடம் மாற்றுவது ஓப்பன்ரீச் பொறியாளரின் வேலை. ஆனால் வீட்டுக்காரர் அவர்களை நேராக அழைத்து இதைக் கேட்க முடியாது. தமக்குச் சேவை தரும் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அந்த நிறுவனம் ஆணை போடும். கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

• வீட்டை விரித்துக் கட்டும்போது கம்பமோ, தோட்டத்தில் புதைந்த குழாயோ, சுவரோரக் கேபிளோ குறுக்கே வந்தால் அது வேறு வகைக் கோரிக்கை. அதை ஓப்பன்ரீச்சிடம் நேரடியாகவே வைக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: சுவர் சாக்கெட் சேவை நிறுவனம் வழியாக, வெளி வலையமைப்பு உறுப்புகள் நேராக.

• பக்கத்து வீட்டு நிலத்தின் மேலோ கீழோ கேபிள் போக வேண்டுமென்றால் அனுமதி உடன்பாடு தேவைப்படும். இதற்கான சட்ட அடிப்படை மின்னணுத் தகவல்தொடர்புக் கோவை. இப்போதைய வடிவம் 2017-ஆம் ஆண்டின் டிஜிட்டல் பொருளாதாரச் சட்டத்தால் வந்தது. 2017 டிசம்பர் 28 முதல் நடைமுறையில் உள்ளது.

• வீட்டுக்காரரே செய்யக்கூடியது: என்டிஇ5-இன் கீழ்த்தகட்டிலிருந்து புது எக்ஸ்டென்ஷன் இழுப்பது. மாஸ்டர் இருந்த இடத்திலேயே இருக்கும், எல்லையும் அசையாது. ஆனால் அந்த எக்ஸ்டென்ஷனில் பழுது வந்து, பொறியாளரை வரவழைத்து, குறை வீட்டுக் கம்பியில் என்று தெரிந்தால் வருகைக் கட்டணம் வீட்டுக்காரர் தலையில் விழலாம். சோதனை சாக்கெட்டின் அருமை அப்போதுதான் தெரியும். என் கருத்தில், மாஸ்டரை மாற்றித் தாருங்கள் என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது ரவுட்டரை வேறிடத்தில் வைப்பதுதான். சாக்கெட்டை அசைக்காமல் ரவுட்டரிலிருந்து ஓர் ஈதர்நெட் கேபிள் இழுத்தால் அந்தத் தேவை தீர்ந்துவிடும். நல்ல நிறுவுநர் இதை முதலிலேயே சொல்லிவிடுவார்.

வேலை நடக்கும் முறை

இடமாற்றத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, டிராப் ஒயரையே வெளிச்சுவர் வழியாகத் திருப்பி, புது இடத்தில் துளையிட்டு உள்ளே கொண்டுவருவது. நீளம் போதாவிட்டால் வெளிச்சுவரில் நீர்புகாப் பெட்டி வைத்து இணைத்து நீட்டுவது. இரண்டாவது, கேபிள் உள்ளே நுழையும் இடத்தை அப்படியே விட்டு, பழைய சாக்கெட் இருந்த இடத்தில் ஓர் இணைப்பு போட்டு, அங்கிருந்து உட்சுவரோரமாகப் புதுக் கேபிள் இழுப்பது. முதல் வழி சுத்தம், இணைப்புகள் குறைவு. இரண்டாவது விரைவாக முடியும், ஏணி வேண்டாம். ஆனால் சுவருக்குள் ஓர் இணைப்பு நிரந்தரமாக இருந்துவிடும். ஒவ்வோர் இணைப்பும் நாளைக்கு ஈரமோ துருவோ சேரும் இடம் என்பதால், வாய்ப்பிருந்தால் முதல் வழியே மேல்.

• புதுக் கேபிளின் இனம்: வீட்டுக்குள் சிடபிள்யூ1308, கம்பி விட்டம் 0.5 மி.மீ. வெளியே போவது சூரிய ஒளியையும் மழையையும் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள். உள்கேபிளை வெளியே ஓடவிட்டால் சில ஆண்டுகளில் உறை வெடிக்கும்.

• துளை: உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். கேபிள் துளைக்குள் நுழையுமுன் ஒரு சிறு தொங்கல் விட வேண்டும். மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும். தொங்கலின் அடியில் சொட்டி விழுந்துவிடும், சுவருக்குள் வராது. பிறகு துளையை அடைக்க வேண்டும். இந்த மூன்றும் தவறினால் சாக்கெட்டின் உள்ளே பச்சைக் களிம்பு பிடிப்பதைப் பார்க்கலாம்.

• துளையிடுமுன் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் மூன்றையும் கண்டறியும் கருவியால் பார்க்க வேண்டும். 2000-க்கு முன் கட்டிய வீடு என்றால் கல்நார் இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும்; பிரிட்டனில் அதன் முழுத் தடை 1999-இல்தான் வந்தது. புடைப்பு வேலைப்பாடுள்ள பழைய கூரைப் பூச்சுகளிலும் அது உண்டு. இதற்கான விதிகள் கல்நார்க் கட்டுப்பாட்டு ஒழுங்குமுறைகள் 2012. சந்தேகம் இருந்தால் துளையிடக் கூடாது. அவசரம் என்று சொல்லும் வீட்டுக்காரருக்காகவும் இந்த விதியை வளைக்க வேண்டாம். அந்தத் தூசியின் கேடு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் நுரையீரலில் வெளிப்படும்.

• மின்வழங்கல் கம்பிகளுக்கும் தொலைபேசிக் கேபிளுக்கும் இடைவெளி 50 மி.மீ., அல்லது நடுவே மின்கடத்தாத் தடுப்பு. தரநிலை பிஎஸ் 6701. வீட்டு மின்வேலைகளுக்கான பிஎஸ் 7671-உடன் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

• சாக்கெட்டின் உயரம்: இங்கிலாந்தில் புதுவீடுகளுக்குக் கட்டட ஒழுங்குமுறையின் எம் பகுதி வழிகாட்டி தரையிலிருந்து 450 முதல் 1,200 மி.மீ. வரை என்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் குனிய முடியாதவரும் எட்டுவதற்கான அளவு இது. பழைய வீட்டில் கட்டாயம் இல்லை என்றாலும், புது இடம் தேர்ந்தெடுக்கும்போது முதியவர் இருக்கும் வீடுகளில் இந்த அளவைச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

கம்பி கட்டும் முறையில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். சாக்கெட் முனைகளில் கம்பியின் உறையை உரிக்கக் கூடாது. ஒவ்வொரு முனையிலும் வாய் பிளந்த இரண்டு உலோக விளிம்புகள் இருக்கும். உறையோடு கம்பியை அந்த வாயில் வைத்து, கிரோன் கருவியால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். விளிம்புகள் உறையைக் கிழித்துச் செம்பைக் கவ்வும். அதே அழுத்தில் மிச்ச நுனியைக் கருவி வெட்டிவிடும். திருப்புளியால் குத்தி உள்ளே தள்ளினால் விளிம்புகள் விரிந்துவிடும். அன்றைக்கு வேலை செய்யும், பிறகு கரகரக்கும். இரண்டு கம்பிகளைச் சேர்க்க ஜெல்லி கிரிம்ப் என்னும் சிறு பொத்தான் உண்டு. அதிலும் உரிக்காத கம்பிகளையே முழுவதும் உள்ளே தள்ளி, பொத்தானை இடுக்கியால் நசுக்க வேண்டும். உள்ளிருக்கும் பசை பிதுங்கி வந்து செம்பை மூடும். ஈரம் இனி அதைத் தொடாது. முறுக்கி, டேப் சுற்றுவது இந்த வேலையில் ஏற்கத்தக்க இணைப்பு அல்ல.

• தொடுமுன் கேட்க வேண்டிய கேள்வி: வீட்டில் திருட்டு அலாரமோ, முதியோர் உதவி அழைப்புக் கருவியோ இந்த இணைப்பில் கட்டப்பட்டிருக்கிறதா? சாக்கெட்டை மாற்றிவிட்டு அதை மீண்டும் இணைக்க மறந்தால், விழுந்துகிடக்கும் ஒருவர் பொத்தானை அழுத்தும் நாளில்தான் தெரியும். முடித்ததும் அந்தக் கருவியிலிருந்து ஒரு சோதனை அழைப்பு போட்டுப் பார்ப்பது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிராட்பேண்ட் பாதிப்பு

• பெல் ஒயர், 2–5 ஜோடியைப் போல முறுக்கிச் சமன்செய்யப்பட்ட ஜோடி அல்ல. தனியாக ஓடும் அந்த ஒற்றைக் கம்பி வானொலி இரைச்சலை இழுத்து ஏடிஎஸ்எல் வேகத்தைக் குறைக்கும். இன்றைய கருவிகள் பெரும்பாலும் மணிக்கு அதை நம்பியிருப்பதில்லை. ஆகவே எக்ஸ்டென்ஷனில் 3-ஆம் முனைக் கம்பியை அவிழ்த்துவிட்டால் இணைய வேகம் கூடிய வீடுகள் உண்டு.

• விடிஎஸ்எல் வீடுகளில் என்டிஇ5-உடன் பொருத்தும் ஃபில்டர் முகப்பு, குரலையும் தரவையும் வாசலிலேயே பிரித்துவிடும். பிறகு மற்ற சாக்கெட்களில் தனித்தனி மைக்ரோஃபில்டர் வேண்டாம். ரவுட்டர் வேறு அறையில் இருக்க வேண்டுமென்றால், ஃபில்டருக்கு முன்னால் உள்ள தரவு முனைகளிலிருந்து முறுக்கு ஜோடிக் கேபிளை, முடிந்தால் கேட்5இ வகையை, நடுவே கிளை இல்லாமல் இழுக்க வேண்டும்.

• கெபினட் வரை ஃபைபர் உள்ள சேவையின் உச்ச விற்பனை வேகம் விநாடிக்கு 80 மெகாபிட் இறக்கம், 20 மெகாபிட் ஏற்றம். வீட்டுக்குள் சில மீட்டர் கூடுவதால் தூர இழப்பு பெரிதாக இராது. வேகத்தைக் கெடுப்பது மோசமான இணைப்பும் கிளைக் கம்பிகளும்தான்.

2027-க்குப் பின்

• செம்புவழிப் பொதுத் தொலைபேசி வலையமைப்பு மூடப்படும் தேதி 2027 ஜனவரி 31. முதலில் 2025 இறுதி என்றிருந்தது; 2024-இல் தள்ளிவைக்கப்பட்டது. உதவி அழைப்புக் கருவிகளை நம்பியிருப்போரின் பாதுகாப்பு இதில் முக்கியக் காரணம். பழைய வகை இணைப்புகளின் புதிய விற்பனை 2023 செப்டம்பரிலேயே நின்றுவிட்டது. இந்த மாற்றத்தை முதலில் சோதித்த ஊர்கள்: சாலிஸ்பரி, மில்டன்ஹால்.

• அதன் இடத்தில், பிராட்பேண்ட் வழியாகப் பேச்சைக் கொண்டுசெல்லும் டிஜிட்டல் குரல் வருகிறது; அதில் தொலைபேசி ரவுட்டரில் செருகப்படும். மாஸ்டர் சாக்கெட்டில் டயல் ஒலி இருக்காது. செம்பிலேயே பிராட்பேண்ட் தொடரும் வீட்டில் சாக்கெட் தரவுக்காக உயிரோடு இருக்கும். ஃபைபர் வீடு வரை வந்த பிறகு அதற்கு வேலையில்லை.

• பழைய எக்ஸ்டென்ஷன்களை மீண்டும் பயன்படுத்த ரவுட்டரின் தொலைபேசித் துளையிலிருந்து வீட்டுக் கம்பிகளுக்குக் குரலைத் திருப்பி ஊட்டலாம். நிபந்தனை ஒன்று: வெளியிலிருந்து வரும் ஜோடியிலிருந்து அந்தக் கம்பிகளை முதலில் முற்றிலும் பிரித்திருக்க வேண்டும். பிரிக்காமல் ஊட்டினால் இணைப்பகத்தின் 50 வோல்ட் ரவுட்டருக்குள் போகும்.

• மின்வெட்டின்போது இணைப்பகம் இனி வீட்டுக் கருவிக்கு மின்சாரம் தராது. செம்புத் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்போருக்கு, மின்வெட்டிலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு செய்ய வழி தரவேண்டும் என்பது ஆஃப்காமின் வழிகாட்டல். அதனால் இனி இடம் தேர்ந்தெடுக்கும்போது, சாக்கெட்டுக்கும் மேலாக, ரவுட்டரும் காப்பு மின்கலமும் எங்கே இருக்கும், அருகில் மின்முனை உண்டா என்று பார்க்க வேண்டும்.

• ஃபைபர் வீட்டில் புது எல்லை ஓஎன்டி என்ற சிறு பெட்டி. வெளிச்சுவரில் இணைப்புப் பெட்டி, உள்ளே ஓஎன்டி, அதிலிருந்து ஈதர்நெட்டில் ரவுட்டர். ஃபைபரைக் கூர்மையாக மடிக்கக் கூடாது, வீட்டுக்காரர் வெட்டி நீட்டவும் முடியாது. இடம் மாற்றுவது இங்கும் சேவை நிறுவனம் வழியாகத்தான். ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஓடும் ஈதர்நெட் கேபிளை மட்டும் வீட்டுக்காரர் தம் விருப்பப்படி நீட்டிக்கொள்ளலாம். ஈதர்நெட்டின் நீள வரம்பு 100 மீட்டர்.

• இங்கிலாந்தில் புதுவீடுகளுக்குக் கட்டட ஒழுங்குமுறையின் ஆர் பகுதி பொருந்தும். அதிவேக இணைப்புக்கான உட்கட்டமைப்பு 2017 ஜனவரி 1 முதல் இதில் வந்தது. கிகாபிட் இணைப்புக்கான விதி 2022 டிசம்பர் 26 முதல்.